அப்பாவைப் பார்க்காமல் எழுதிய பதினாறு பக்கம்

நாற்பத்தாறாவது வயதில் நான் மனித வளர்ச்சி படிக்கப் போனேன். என்னுடைய சொந்த வளர்ச்சி அதற்கு வெகு முன்பே நின்றுபோயிருந்தது. இடுப்பு மட்டும்தான் விடாமல் வளர்ந்துகொண்டிருந்தது.

ஆசைப்பட்டுப் போகவில்லை. கடலூரில் நான் வேலை பார்க்கும் நர்சரிப் பள்ளியின் தாளாளர் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, இனிமேல் நம் பள்ளியில் பாடம் மட்டும் நடத்தமாட்டோம், குழந்தையின் வளர்ச்சியைக் கவனிப்போம் என்று அறிவித்தார். கவனிப்பதற்குச் சான்றிதழ் வேண்டுமாம். பதினேழு வருடமாக மூக்கைத் துடைத்து, கால் கழுவிவிட்டு, ஷூ லேஸ் கட்டிவிட்டதெல்லாம் கவனிப்பில் சேராது. ஜூன் மாதத்துக்குள் மனித வளர்ச்சியில் பட்டயம் வாங்காதவர்கள் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வந்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

படிப்பு மையம் சிதம்பரத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. ஞாயிறுதோறும் வகுப்பு. மேலே பிறப்பைப் பற்றிப் பாடம் நடக்கும்போது கீழே யாராவது அண்டாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மையத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு முப்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. குழந்தைக்கு எத்தனையாவது மாதத்தில் கழுத்து நிற்கும், எப்போது குப்புற விழும், எப்போது தவழும் என்று அவர் எங்களுக்குச் சொல்லித்தந்தார். வகுப்பில் இருந்த இருபத்திரண்டு பெண்களும் சேர்ந்து எப்படியும் நாற்பது பிள்ளை பெற்றிருப்போம். எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டோம். அவர் போர்டில் போட்ட கணக்கில் குழந்தை குப்புற விழும் மாதம் தப்பு. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. தேர்வில் அவருடைய மாதத்தைத்தான் எழுதவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும்.

பாடப்புத்தகம் மனித வாழ்க்கையை எட்டுப் பருவமாகப் பிரித்திருந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் குணங்கள். நான் இருக்கவேண்டிய கட்டத்தில் 'சலிப்பு, பொறுப்புச் சுமை, பெற்றோரைப் பற்றிய கவலை' என்று போட்டிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு இருந்த ஒரே கவலை, வீட்டுக்குப் போனதும் இட்லிக்கு மாவு இருக்குமா, அரைத்துத்தான் ஆகணுமா என்பது. எட்டாவது பருவமான முதுமைக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பல் விழும், காது மந்தமாகும், பழையதைப் பேசும், புதியதை மறக்கும், முடிவுக்குத் தயாராகும். எழுதியவருக்கே அதற்குள் அலுத்துப்போயிருக்கவேண்டும்.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். ரெக்கார்டுதான் ஆளைக் கொல்லும். எட்டுப் பருவத்துக்கும் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரையும் இரண்டு வாரம், தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கவனித்து, ஆளுக்குப் பதினாறு பக்கம் கையால் எழுதவேண்டும். முதியவர் மட்டும் சொந்தக் குடும்பத்து ஆளாக இருக்கவேண்டும், போட்டோ ஒட்டவேண்டும். தினம் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்க வாய்த்தால் எந்த டீச்சர் வேலைக்கு வருவாள்?

அதற்கு வழி ஏற்கெனவே இருந்தது. என்னோடு ஒன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சர் மூன்று வருடம் முன்பே இந்தப் படிப்பை முடித்தவள். சாப்பாட்டுப் பையோடு சேர்த்து அவளுடைய ரெக்கார்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் அதைப் பண்ணுருட்டியில் ஒரு தோழியைப் பார்த்து எழுதியிருந்தாள். அந்தத் தோழி அண்ணாகிராமத்தில் இருந்த ஒரு டீச்சரைப் பார்த்து எழுதியிருந்தாள். அண்ணாகிராமத்துக்கு அப்பால் தடயம் இல்லை. உண்மையிலேயே உட்கார்ந்து பார்த்து எழுதிய ஒரே புண்ணியவதி அவள்தான் என்று நினைக்கிறேன். அந்த ரெக்கார்டில் முதல் பருவத்தில் தவழும் குழந்தை இந்நேரம் கல்லூரிக்குப் போயிருக்கும். எங்கள் கையில் அது இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது.

முதுமைப் பகுதியில் ஒரு மூதாட்டி இருந்தார். எண்பத்தோரு வயது. இன்று என்ன கிழமை என்று மணிக்கு மூன்று தடவை கேட்கிறார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகிறார். குளியலறையில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். யாரிடமும் பேசப் பிடிக்காமல் மோட்டுவளையைப் பார்த்தபடி இருக்கிறார். தலையணைக்கு அடியில் முந்திரிக்கொட்டையை ஒளித்துவைக்கிறார். முந்திரி விளைகிற ஊர், பாவம், கைக்கு எட்டியதை ஒளித்திருப்பார். நான் 'மூதாட்டி' என்ற இடத்தில் 'என் தந்தை' என்று போட்டேன். எண்பத்தொன்றை எழுபத்தாறாக்கினேன். அப்பாவின் பென்ஷன் புத்தகத்துக்கு எடுத்த போட்டோவில் மிச்சம் இருந்த ஒன்றை ஒட்டினேன். பதினாறு பக்கத்தையும் இரண்டு நாள் மாலையில், சீரியல் பார்த்துக்கொண்டே முடித்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டே எழுதியதில், 'புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தபடி அழுகிறார்' என்ற வரியை மாற்ற மறந்துவிட்டேன்.

இனி, உண்மையான அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சேத்தியாத்தோப்பு பக்கத்தில் நிலம் நீச்சு என்று இருந்த குடும்பம். அப்பா மட்டும் ஏரை விட்டுவிட்டுக் குடிகாட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டராகச் சேர்ந்தார். முப்பத்தோரு வருடம். மணிக்கு ஒரு தடவை எழுந்து போய், கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, லாக் புத்தகத்தில் எழுதவேண்டும். அவருக்கு ரீடிங் என்பது ஒரு மதம் மாதிரி. சில ஆபரேட்டர்கள் ஷிப்ட் தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிவைத்துவிட்டுக் காலை நீட்டிவிடுவார்களாம். அப்படி எழுதிய ஒருவரோடு அப்பா கடைசிவரை பேசவில்லை. பார்க்காமல் எழுதுவது ரீடிங் இல்லை, கதை என்பார். அந்த மனிதரின் மகள் கல்யாணத்துக்குக்கூட மொய்க் கவரை எங்களிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார்.

அம்மா போன பிறகு ஆறு வருடமாகக் கடலூர் முதுநகர் வீட்டில் தனியாக இருந்தார். தானே சமைப்பார். சைக்கிளில் துறைமுகம் வரை போவார். வெள்ளிக்கிழமைதான் மீன் வாங்குவார். ஊரில் பாதிப் பேர் அன்று கவிச்சி தொடமாட்டார்கள், ஆகவே மீன்காரம்மாவுக்குச் சண்டை போட நேரம் இருக்கும், சண்டை போடாமல் வாங்குகிற மீனில் ருசி இருக்காது என்பது அவர் கட்சி. தெருவில் எந்தக் குக்கர் விசில் அடிக்காவிட்டாலும் அவரிடம் வந்துவிடும். செவ்வாய், வியாழன் குக்கர் நாள். ஆவி சம்பந்தப்பட்ட எதையும் அவரால் விட்டுவைக்க முடியாது. கரண்ட் மீட்டரில் எத்தனை ஓடியிருக்கிறது, காஸ் சிலிண்டர் எந்தத் தேதியில் மாற்றியது எல்லாம் ஒரு பழைய டைரியில் இருக்கும். நான் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பஸ்ஸில் இருபது நிமிஷம். மாதம் ஒரு தடவை போவேன். போனால் அரை மணி நேரம், அதிலும் பாதி போனில் பேசிக்கொண்டிருப்பேன். இதுதான் நான் இரண்டு வாரம் அருகிலிருந்து கவனித்த மனிதர்.

வாய்மொழித் தேர்வு மே மாதம் நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ரெக்கார்டைப் புரட்டி, முதுமைப் பகுதியில் நின்றார். நிஜமாக உட்கார்ந்து பார்த்தால்தான் இப்படி எழுத முடியும், அதுவும் அந்த முந்திரிக்கொட்டை, அது கற்பனையில் வராது என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னார். ஒருங்கிணைப்பாளர் பெருமையாகத் தலையாட்டினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரையை வைத்து அமுக்கினார்கள். முத்திரையின் ஓரம் புடவைத் தலைப்பு வரியின் மேலேயே விழுந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் சிதம்பரத்தில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். முத்திரை இல்லாத தாளைத் தொடமாட்டார், முத்திரை உள்ள தாளைச் சந்தேகப்படமாட்டார். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் ரெக்கார்டைத் திறந்து படித்துக்கொண்டிருந்தார். கோப்பு பார்க்கிற மாதிரி விரலை வைத்து, வரி வரியாக. அண்ணி சாம்பாரை ஊற்றிவிட்டு நின்றாள். அவர் சாப்பிடவில்லை. கண் கலங்கியிருந்தது.

"கெழமகூடவா மறந்துபோவுது? ரெண்டு தடவ வுழுந்திருக்காரு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீ."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். அண்ணா, இது அப்பா இல்லை, அண்ணாகிராமத்து அம்மா ஒருத்தர், அவர் இப்போது உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் ரிசல்ட் வரவில்லை. அண்ணனுக்கும் அந்த ஒருங்கிணைப்பாளருக்கும் ஒரே வாக்கிங் வட்டாரம். ஜூன் மாதம் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. மார்க்குக்காகக் கொஞ்சம் ஜாஸ்தியாக எழுதிவிட்டேன் என்று மட்டும் முனகினேன். நான் அவரைச் சமாதானப்படுத்தப் பார்ப்பதாக அண்ணன் எடுத்துக்கொண்டார். அண்ணி எனக்கு இன்னொரு அப்பளம் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அண்ணன் காரோடு முதுநகருக்கு வந்தார். என்னையும் வரச்சொல்லியிருந்தார். நான் போனபோது அப்பா வாசலில் ஒரு குக்கர் மூடியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் நேரே உள்ளே போய்த் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். முந்திரிக்கொட்டை இல்லை. வேறு எங்கோ இடம் மாற்றிவிட்டார் என்று என்னிடம் மெல்லச் சொன்னார். ரெக்கார்டை ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார். அப்பாவின் கையில் கொடுத்து, நீங்களே பாருங்கள், உங்கள் மகள் இரண்டு வாரம் கவனித்து எழுதியிருக்கிறாள், அரசாங்க முத்திரை போட்டிருக்கிறது என்றார். அரசாங்கத்துக்கும் அந்த முத்திரைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அண்ணனுக்கு வட்டமாக இருந்தால் அரசாங்கம்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினாறு பக்கத்தையும் படித்தார். அவசரப்படவில்லை. புடவைத் தலைப்பு வந்த இடத்தில் மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு குக்கரைக் கொடுத்துவிட்டு வரலாம் வா என்று என்னைப் பக்கத்து வீட்டு வாசல் வரை அழைத்துக்கொண்டு போனார்.

"கேஜப் பாக்காம ரீடிங் எழுதியிருக்க."

நான் அவர் கையிலிருந்த குக்கர் மூடியை வாங்கிக்கொண்டேன்.

"இது நான் இல்லன்னு சொன்னா உனுக்கு மார்க் போயிடுமா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன். நாற்பத்தாறு வயதுப் பொம்பளை, வாரத்துக்கு நாலு நாள் பொய் சொல்லக்கூடாது என்று ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லித்தருகிறவள், ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அப்பா பக்கத்து வீட்டு அம்மாவிடம் குக்கரைக் கொடுத்து, புது கேஸ்கட் போடச்சொன்னார். திரும்பி வந்து அண்ணனிடம், சீல் வைத்தபின் என்ன செய்ய முடியும், லாக் புத்தகத்தில் என்ஜினியர் கையெழுத்துப் போட்டுவிட்டால் யாரும் திருத்தக்கூடாது என்றார். இரண்டு வேட்டி, நாலு சட்டை, பழைய டைரி. அவ்வளவுதான் எடுத்துக்கொண்டார். சைக்கிளை உள்ளே தள்ளி நிறுத்தினார். அண்ணன் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். கார் கிளம்பியதும் நான் பஸ் பிடித்து வந்து படுத்துக்கொண்டேன். தலைவலி என்று வீட்டில் சொன்னேன். பொறுப்பு அண்ணன் கைக்குப் போனதில் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு. தாளாளர் என் சான்றிதழைப் பிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். எனக்கு 'வளர்ச்சிக் கவனிப்பாளர்' என்று ஒரு பேட்ஜ் கிடைத்தது. பெற்றோர்கள் வந்து, என் பிள்ளை இன்னும் பென்சிலை ஒழுங்காகப் பிடிக்கவில்லை மேடம் என்று கேட்கும்போது, கட்டத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன். கட்டத்தில் இல்லாத பிள்ளைகளின் தாய்மார் அழுதுகொண்டே போவார்கள். அடுத்த பேட்சில் பட்டயம் படிக்கச் சேர்ந்த புது டீச்சர் ஒருத்தி வந்து, உங்கள் ரெக்கார்டு கிடைக்குமா அக்கா என்று கேட்டாள். கொடுத்தேன். அப்பாவின் போட்டோவை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டேன்.

அப்பாவை இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். அண்ணியைக் குறை சொல்லவே முடியாது, அதுதான் கஷ்டம். மாமனாரை அப்படித் தாங்கினாள். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தால் ஓடி வந்து வாங்கிக்கொள்வாள். என் ரெக்கார்டின் ஜெராக்ஸில் முக்கியமான வரிகளை அண்ணன் அடிக்கோடிட்டு பிரிட்ஜின் மேல் ஒட்டியிருந்தார். அதன்படி வீடு நடந்தது. அடுப்பை மறப்பார் என்பதால் சமையலறைக்குள் விடுவதில்லை. விழுவார் என்பதால் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். பேசப் பிடிக்காது என்பதால் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. கோயில் பக்கத்து வீடு, வீட்டுக்காரர் மீன் வாசனை ஆகாது என்று சொல்லித்தான் குடிவைத்திருந்தார். மூன்று மாடி ஏறி இறங்க வேண்டாம் என்று வாக்கிங் கூட ஹாலுக்குள்தான். ஒவ்வொரு தடவையும் அப்பா நன்றாக இருப்பதாகவே சொன்னார். நானும் ஒவ்வொரு தடவையும் நம்பினேன், ஏனென்றால் நம்புவது சுலபமாக இருந்தது.

ஐந்தாவது மாதம், ஒரு இரண்டாம் சனிக்கிழமை போனேன். நான் உள்ளே நுழைந்ததும், இன்று என்ன கிழமை என்று கேட்டார். சொன்னேன். செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது மறுபடியும் கேட்டார். சாப்பிடும்போது மூன்றாவது தடவை. மணிக்கு மூன்று தடவை. என் கையெழுத்தில் இருக்கிற கணக்கு.

சாப்பிட்டு முடித்ததும் ஹாலில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரெக்கார்டு காப்பி அடித்தது என்றேன். மூதாட்டி, அண்ணாகிராமம், பண்ணுருட்டித் தோழி, சீரியல், எதையும் விடவில்லை. அண்ணன் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. பிரிட்ஜ் வரை போய், ஜெராக்ஸில் புடவைத் தலைப்பு வரியைத் தொட்டுக் காட்டினேன். அப்பா எந்தக் காலத்தில் புடவை கட்டினார் என்று கேட்டேன்.

"அது ஏதோ கை தவறி எழுதுனது. மத்ததெல்லாம் கரெக்டாத்தான இருக்குது? உள்ள போய் அவரப் பாரு. நீ எழுதுன மாதிரியேதான் இருக்காரு."

பொய் சொன்னபோது நம்பியவர் உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உண்மையில் முத்திரை இல்லை.

உள்ளே போனேன். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில், பழைய டைரியை மடியில் வைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டைரியை எடுத்துப் புரட்டினேன். கோடு போட்டு, நேரம் போட்டு, பாய்லர் லாக் மாதிரியே எழுதியிருந்தார். காலை ஆறு, எழுந்தேன். ஏழு, காபி. எட்டு, டிபன். ஒன்பது, உட்கார்ந்திருக்கிறேன். பத்து மணிக்கு நேரே இரண்டு சின்னக் கோடு. மேலே உள்ளதே என்று அர்த்தம். பதினொன்றுக்கு இரண்டு கோடு. பன்னிரண்டுக்கு இரண்டு கோடு. பக்கத்தைத் திருப்பினால் அந்தப் பக்கமும் கோடு. முதல் மாதத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே கிழமை எழுதியிருந்தது. போகப்போக அந்த இடம் காலியாக இருந்தது. இரண்டு வாரம் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு முதியவரைக் கவனித்து எழுதச்சொன்னார்களே, அது இதுதான். ஐந்து மாதமாக, ஒரு மணி நேரம்கூட விடாமல் அவரே எழுதியிருந்தார்.

"கேட்டா சொல்றாங்க. சொன்னது நிக்க மாட்டேங்குது. அங்க வெள்ளின்னா மீனு, செவ்வான்னா குக்கரு. இங்க எல்லாக் கெழமையும் ஒண்ணாத்தான் இருக்குது." அப்பா டைரியை வாங்கிக்கொண்டார். "நீ எழுதுனப்ப ரீடிங் தப்பு. இப்ப சரியா வந்துடுச்சு."

கிண்டலாகச் சொல்லவில்லை. முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதால் அதையும் நேரம் போட்டு எழுதிவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

மணி நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது. வழக்கமாக நான் நாலு மணிக்கு எழுந்துவிடுவேன். அப்பாவுக்கு அது தெரியும். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"நாலு மணிக்குக் கெளம்பிடுவல்ல? எழுதணும்."

நான் ஹாலுக்குப் போனேன். பிரிட்ஜ் பக்கத்து ஆணியில் முதுநகர் வீட்டுச் சாவி தொங்கியது. அண்ணன் அதற்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டியிருந்தார். சாவியைக் கழற்றியதும் அவர் எழுந்து வந்தார். நாளைக்கு அங்கே தனியாக ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு, எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துப் போ என்றார். மனுஷர் அப்போதும் அலுவலகத்தில்தான் இருந்தார். நான் பிரிட்ஜில் இருந்த ஜெராக்ஸைப் பிய்த்தேன். அதன் பின்பக்கத்தில், தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே போய் அப்பாவைப் பார்ப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணி ஒரு பையில் அப்பாவின் வேட்டிகளை மடித்து வைத்தாள். முதல் தடவையாக அவரிடம், தண்ணீரை நீங்களே எடுத்துக் குடிப்பீர்கள்தானே மாமா என்று கேட்டாள்.

நான் திரும்பி வந்தபோது அப்பா பேனா முனையைத் தாளுக்கு மேலே பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதாதீங்கப்பா. ரெண்டு பேருமா போறோம். சாவி வாங்கிட்டேன்."

அவர் என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, டைரியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

"மொதல்ல பஸ் ஏறுவோம்" என்றார். "அப்பறம் எழுதுறேன்."